மூணு நூல் தாழ்ப்பாள்

குளியலறையிலிருந்து பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். கேட்காவிட்டால் திறக்கலாம். ஆறு மாதமாக வாத்தியார் வீட்டில் இதுதான் சட்டம்.

வியாழக்கிழமை விருந்துக்கு வந்திருந்த மச்சானுக்கு இந்தச் சட்டத்தை யாரும் சொல்லி வைக்கவில்லை. அவர் உள்ளே போனார், கதவைச் சாத்தினார், சத்தமே இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரின் மனைவி, அதாவது அவருடைய சொந்தத் தங்கை, வாளி எடுப்பதற்காகக் கதவைத் திறந்தாள்.

"ஐயோ!" என்றார் அண்ணன்.

"ஐயோ!" என்றாள் தங்கை.

கையில் சின்ன பிரஷ்ஷோடு அவர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். மீசையின் இடது பாதி கறுப்பு. வலது பாதி உண்மை.

கூடத்தில் பஞ்சாயத்து கூடியது.

"பதினஞ்சு வருஷமா என் பொண்டாட்டிக்கே தெரியாத விஷயம்," என்றார் மச்சான், மீசையைக் கையால் மூடிக்கொண்டு. "ஒரு தாழ்ப்பாள் இல்லாம என் மானம் போச்சு. ஏன் மாப்ள, தாழ்ப்பாளை என்ன தங்கத்துலயா செய்யறாங்க?"

"கடையில கிடைக்குது மச்சான்," என்றார் கணக்கு வாத்தியார். "ஆனா வீட்டுக்குள்ள லேத்தை வெச்சுக்கிட்டு, ஒரு தாழ்ப்பாள் கம்பியைப் போய்க் கடையில வாங்கினா நாலு பேர் என்ன நெனைப்பாங்க?"

"ஆறு மாசமா பாடிக்கிட்டே குளிக்கிறோமே, அதுக்கு நாலு பேர் என்ன நெனைக்கிறாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி. "பக்கத்து வீட்டம்மா என்கிட்ட பாட்டு கத்துக்க வரலாமான்னு கேக்கறாங்க."

இரும்பைச் சுழற்றிச் சீவிக் கடையும் அந்த லேத் பின்பக்க அறையில் இருந்தது. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை அது செய்து தந்த பொருள்கள்: லேத்துக்கு ஒரு கைப்பிடி, லேத்தின் எண்ணெய்க் கிண்ணத்துக்கு ஒரு மூடி, லேத் ஆடாமல் நிற்க நான்கு கால்கள். தன்னைத் தானே நன்றாகக் கவனித்துக்கொள்ளும் லேத். அடுத்தவர்களுக்கு அதனால் ஒரு உபகாரமும் இல்லை.

"அந்த ரூமே நம்ம பொண்ணு படிக்கறதுக்குன்னு ஒதுக்கினது," என்றாள் மனைவி. "இப்ப அவ மாடிப்படியில உக்காந்து படிக்கிறா."

"பரவாயில்லம்மா," என்று மாடிப்படியிலிருந்து மகளின் குரல் வந்தது.

மகள் கல்லூரியில் கணக்கு எடுக்காமல் இலக்கியம் எடுத்தவள். அன்றிலிருந்து வாத்தியார் அவள் படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. என்ன கேட்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வேன் எடுத்துட்டு வரேன். குளியலறையில தாழ்ப்பாள் விழுந்துச்சுன்னா வந்த வழியே போறேன். விழலன்னா லேத்து வேன்ல ஏறும்."

"ஏறி?"

"எனக்குத் தெரிஞ்ச பட்டறை ஒண்ணு இருக்கு. அங்க போய் அது உழைச்சுச் சாப்பிடட்டும்."

வாத்தியார் சிரித்தார். "ஒரு கம்பி கடையறதுக்கு நாலு நாளா? நாளைக்கு மத்தியானமே முடிச்சிடறேன்."

மனைவி சிரிக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை வாத்தியார் ஒரே ஒரு தப்புச் செய்தார். சந்தேகம் கேட்க டர்னருக்குப் போன் போட்டார். டர்னர் லேத் பட்டறை வைத்திருப்பவர். வாத்தியாரின் பழைய மாணவர். கணக்கில் இரண்டு தடவை தோற்றவர்.

"தாழ்ப்பாள் கம்பியா? எத்தனை நூல் சார்?"

"என்ன நூல்?"

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. இந்த ஒரு நாளுக்காகத்தான் டர்னர் காத்திருந்திருக்க வேண்டும்.

"ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் சார். பட்டறையில நாங்க எல்லாரும் நூல் கணக்குலதான் பேசுவோம். கணக்கு வாத்தியாரு, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"தெரியும் தெரியும். சரியா காதுல விழல."

"அளவை மட்டும் சொல்லுங்க சார். அஞ்சு நிமிஷத்துல நானே கடைஞ்சு குடுத்தனுப்பறேன்."

"வேணாம்!" என்று வாத்தியார் போனை வைத்தார். மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும் அந்த நிமிடமே அவருக்குச் சின்னப் பிள்ளைகள் சமாசாரமாகிவிட்டன.

பழைய கம்பி ஒடிந்து சாக்கடைக்குள் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. கதவில் மீதி இருந்தது தகடும், கம்பி ஓட வேண்டிய இரண்டு வளையங்களும்தான். அவற்றை அளக்க வேண்டும். ஆனால் லேத்தைப் போட்டாகிவிட்டது, காலெல்லாம் எண்ணெய். எண்ணெய்க் காலோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்பது மனைவியின் தனிச் சட்டம். சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல் ஒன்று ஒருமுறை அவர் காலோடு சமையலறைக்கு வந்து அவள் காலில் ஏறிய நாளில் பிறந்த சட்டம்.

குளியலறையில் மகள் இருந்தாள். அவளுக்குப் பாட்டு வராது. அதனால் ஏதோ பாடத்தை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் பின்வாசலில் நின்று கத்தினார்.

"ஏம்மா! அந்தத் தாழ்ப்பாள் வளையத்தைப் பாத்துச் சொல்லு, எத்தனை நூல்?"

லேத்தின் மோட்டார் அவர் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னப்பா?"

"எத்தனை நூல்னு கேட்டேன்!"

ஒப்பிப்பது நின்றது. உள்ளே அமைதி. அளக்கிறாள் என்று வாத்தியார் காத்திருந்தார்.

"மூணுப்பா!" என்று பதில் வந்தது. குரலில் ஓர் உற்சாகம். "மூணு நூல்!"

"பலே!" என்றார் வாத்தியார். பெண்ணுக்குப் பட்டறைக் கணக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே!

உள்ளே போய்ச் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். கொடுக்கப்பட்டது: வளையம், 3 நூல். அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். முப்பது வருடமாக அவர் வகுப்பில் சொல்லிவருவது ஒன்றுதான். கணக்கில் எதை வேண்டுமானாலும் சந்தேகப்படு, கொடுக்கப்பட்டதை மட்டும் சந்தேகப்படாதே.

*

லேத்தில் கம்பி சுழலும். அதைச் சீவும் உளி கம்பியின் மையத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு முடியளவு மேலே போனால் உளி தேய்க்கும், கீழே போனால் கடிக்கும். உளியைப் பிடித்துக்கொள்ள வாத்தியாரிடம் ஒரே ஒரு ஹோல்டர்தான் இருந்தது. கம்பியின் முகம் சீவ ஓர் உளி, உடம்பு சீவ ஓர் உளி, முனை மழுக்க ஓர் உளி, கடைசியில் துண்டாக வெட்ட ஓர் உளி. ஒவ்வொன்றையும் மாட்டும்போதும் அடியில் தகரத் துண்டுகளைச் செருகி உயரம் பார்க்க வேண்டும்.

தகரத்துக்குச் சர்க்கரை டப்பாவின் மூடி உதவியது.

"டப்பா இருக்கு, மூடி எங்க?" என்றாள் மனைவி, மதியம்.

அதற்குள் எறும்புகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

மூன்று மணிக்குக் கம்பி தயாரானது. மகள் தேநீரோடு பின்வாசலில் வந்து நின்றாள். யாரும் கேட்காமலே போட்டு எடுத்துவந்திருந்தாள். இந்த வீட்டில் இப்படி ஒன்று நடந்து எவ்வளவு நாளாயிற்று என்று வாத்தியாருக்கு ஞாபகமே இல்லை.

"இதைக் கொண்டுபோய் வளையத்துல விட்டுப் பாரும்மா."

போனாள். வந்தாள். "நுழையலப்பா."

வாத்தியார் வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கம்பியை அளந்தார். ஒரு முனை ஒன்பதரை. மறு முனை பத்துக்குக் கொஞ்சம் கம்மி.

"பாத்தியா! தகரம் நழுவுது, உளி ஆடுது. கம்பி ஒரு பக்கம் பெருத்துப் போச்சு. என் தப்பு இல்ல. ஹோல்டர் வேணும்."

"என்ன ஹோல்டர்? பல்பு ஹோல்டரா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"உளி ஹோல்டர்."

"அது எதுக்கு?"

"உளியைப் பிடிச்சுக்க."

"ஏன், நீங்க பிடிச்சுக்கங்களேன்."

வாத்தியார் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். "நாலு உளிக்கு நாலு ஹோல்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை உயரம் வெச்சுட்டா போதும், அப்புறம் சும்மா மாட்டினா உளி தானா மையத்துல நிக்கும். ஒண்ணு இருக்கு. மூணு செய்யணும். கடையில வாங்கலாம்தான். ஆனா நானே செய்வேன்."

"செய்ய என்ன வேணும்?"

"இரும்புக் கட்டி. அதைச் சீவ உளி. உளியைப் பிடிக்க..." நிறுத்திவிட்டார்.

"ஹோல்டர்," என்று மனைவி முடித்து வைத்தாள். "கல்யாணம் ஆனாதான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம் ஆகும்."

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே."

"அதான் நானும் பாக்கறேன். தெளியலயே."

*

இரும்புக் கட்டிக்கு வாத்தியார் வெளியே அலையவில்லை. துணி துவைக்கும் மிஷினின் ஒரு கால் குட்டை. அதன் அடியில் நல்ல சதுர இரும்புத் துண்டு ஒன்று கிடந்தது. அதை உருவிவிட்டு அங்கே பழைய வினாத்தாள் கட்டு ஒன்றை வைத்தார். வெள்ளிக்கிழமை மீதிப் பொழுது முழுவதும் அந்த இரும்பை ரம்பத்தால் மூன்றாக அறுப்பதில் போனது.

சனிக்கிழமை காலை மனைவி துணி போட்டாள். அலசும்வரை மிஷின் அமைதியாக இருந்தது. பிழியத் தொடங்கியதும் வினாத்தாள் கட்டு நழுவியது. மிஷின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் புறப்பட்டது. தாழ்வாரம் வழியாக நடந்தது, கதவருகே கொஞ்சம் யோசித்தது, சமையலறை வாசல்வரை வந்து, ஒயர் எட்டாமல் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு நின்றது.

"என்னங்க," என்றாள் மனைவி. கத்தக்கூட இல்லை. "மிஷின் உங்களத் தேடி வந்திருக்கு."

"ஒரு நாள் பொறுத்துக்கோ. நாளைக்கு நாலு மணிக்கு எல்லாம் சரியாயிடும்."

"ஒரு தாழ்ப்பாளுக்காக வீட்டையே கழட்டறீங்களே. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா இல்ல இருக்கு!"

"அம்மா, அப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் மகள் மாடிப்படியிலிருந்து. "அப்பா மாறிட்டாரு."

"என்னத்த மாறிட்டாரு? வெள்ளிக்கிழமை போட்ட சட்டையையே இன்னும் மாத்தல."

வாத்தியார் நெகிழ்ந்து போனார். இந்த வீட்டில் ஒரு ஜீவனுக்காவது லேத்தின் அருமை புரிந்திருக்கிறது.

ஹோல்டரில் கடினமான இடம் அதன் முதுகு. அங்கே ஒரு காடி வெட்ட வேண்டும். வாய் குறுகி, உள்ளே போகப் போக இரு பக்கமும் அகலும் காடி. லேத்தில் ஹோல்டரைத் தாங்கும் இரும்புக் கட்டையான போஸ்டின் மேல் அதைச் சறுக்கி இறக்கினால் கவ்விக்கொள்ள வேண்டும். முன்னால் இழுத்தால் வரக் கூடாது. சாய்வு அறுபது டிகிரி. சாய்ந்த மூலைக்குள் வெர்னியர் நுழையாது. ஒரே பருமனான இரண்டு உருளைகளை மூலைக்கு ஒன்றாக வைத்து, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, கணக்குப் போட்டு அகலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கு என்றதும் வாத்தியாருக்கு இரத்தம் சூடானது. நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் எல்லாம் நிரப்பினார். விடை மூன்று தசம இடம்வரை வந்தது. ஒரே பருமனான இரண்டு உருளைகள்தான் இல்லை. சமையலறை அலமாரிக் கீல்களில் இருந்தன.

பத்து நிமிடம் கழித்து அலமாரிக் கதவைத் திறந்த மனைவி, கதவைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியாத குழந்தையைப் பிடித்திருப்பதுபோல.

"உங்களுக்கு மரை கழண்டிருக்குன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க," என்றாள். "இல்ல, நீங்கதான் ஊர் மரையெல்லாம் கழட்டறீங்க."

முதல் ஹோல்டர் காடியில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் உளி நிற்கும் பள்ளத்தை அவர் இரண்டு மில்லி மேலே வெட்டிவிட்டிருந்தார். உளியின் முனை கம்பியின் தலைக்கு மேலே வெறும் காற்றைச் சீவியது. ஹோல்டரைக் கீழே இறக்க வழியில்லை. இரண்டாவதில் அதைத் திருத்தினார். உயரமும் சரி, பள்ளமும் சரி. மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாக மாறியிருந்தது. உளி கம்பியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உளியைத் திருகாணியோடு சேர்த்துத் தலைகீழாகப் பிடித்து, எப்படியோ முனை மழுக்கும் வேலைக்கு மட்டும் அதைத் தேற்றிக்கொண்டார். முதலாவதுக்கு மெல்லிய உளி ஒன்றைப் போட்டு, அதையும் தேற்றினார்.

உயரம் பார்த்து நிறுத்தும் திருகாணிகள் போதவில்லை. கூடத்துக் கட்டிலில் நான்கு இருந்தன. ஒரு காலுக்கு ஒன்று என்று இரண்டு காலிலிருந்து எடுத்தார். மீதி இரண்டு இருக்கின்றனவே என்று நினைத்தார்.

மாலை மகள் மறுபடி தேநீரோடு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ரெண்டு முடிஞ்சுதுப்பா," என்றாள்.

எவ்வளவு கவனமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள் பாருங்கள்! "ஆமாம்மா, ரெண்டு முடிஞ்சுது. மூணாவதுதான் ஆட்டம் காட்டுது."

"எனக்கும் மூணாவதுதான்ப்பா புரியவே மாட்டேங்குது."

"புரியாது. அதுல அறுபது டிகிரி இருக்கு."

மகள் மரியாதையோடு தலையாட்டினாள். "எப்படியும் நாளைக்குள்ள முடிச்சிடணும்ப்பா."

"முடிச்சிடலாம்," என்றார் வாத்தியார். "நீ இருக்கறப்ப எனக்கு என்ன கவலை?"

*

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாவது ஹோல்டர் முடிந்தது. போஸ்டின் மேல் இறக்கினார். சறுக்கிக்கொண்டு இறங்கி, கடைசி அரை விரற்கடையில் 'ணக்' என்று நின்றது. முன்னால் இழுத்தார். வரவில்லை. பக்கவாட்டில் ஆட்டினார். அசையவில்லை. துவைத்த துணியெல்லாம் பிழியாமலே கொடியில் சொட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டில், ஒரு பொருளாவது அசையாமல் நின்றது.

புதுக் கம்பியை மாட்டினார். உளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, தகரமும் இல்லாமல் தடுமாற்றமும் இல்லாமல், மையத்தில் நின்று வேலை செய்தன. சீவல் நீளமாக, நீல நிறத்தில், ரிப்பன்போல வந்தது. ஒரு மணிக்குக் கம்பி கையில் இருந்தது. அதில் முகம் தெரிந்தது. வெர்னியரை வைத்தார். இந்த முனை ஒன்பதரை. அந்த முனை ஒன்பதரை. நடுவில் ஒன்பதரை.

மகளிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

போனாள். நேரம் கழித்துத்தான் வந்தாள்.

"நுழையலப்பா," என்றாள் மெதுவாக. "ஆனா பாக்க ரொம்ப அழகா இருக்கு."

வாத்தியார் கீழே உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்த் தரையில்தான். அப்புறம் எழுந்து உப்புத்தாளால் ஒரு மணி நேரம் தேய்த்தார். ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. நுழையவில்லை. வெர்னியரையே சந்தேகித்துத் துடைத்து, மூடித் திறந்து, பூச்சியத்தைச் சரிபார்த்தார். பூச்சியம் பூச்சியமாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு வேறு வழியில்லாமல் டர்னருக்குப் போன் போட்டார்.

"வளையத்தை அளந்தீங்களா சார்?"

"அளந்தாச்சு. மூணு நூல்."

"கம்பி?"

"மூணு நூல். அதுக்கும் கொஞ்சம் கம்மியாவே வெச்சிருக்கேன்."

"அப்ப உள்ள துரு ஏறியிருக்கும் சார். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சுத்தியலால செல்லமா ரெண்டு தட்டு தட்டுங்க. போயிடும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கையை நீட்டினாள். "சுத்தியலைக் கொடுங்க. நாலு மணிவரைக்கும் வாக்குன்னா வாக்கு. தட்டறது நான் தட்டறேன்."

"செல்லமா தட்டணும்."

"மூணு நாளா உங்களப் பாக்கறேன். எனக்குச் செல்லமா தட்ட நல்லா வரும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. மச்சான் இறங்கினார். மீசை இப்போது முழுவதும் கறுப்பாக இருந்தது. கூட இரண்டு ஆட்கள், கயிறு, பலகை.

"மூணரைதான் ஆகுது மச்சான்," என்றார் வாத்தியார்.

"நான் அவசரப்படலயே மாப்ள. நாலு மணிவரைக்கும் இப்படி உக்காந்திருக்கேன்," என்று மச்சான் கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்தார்.

மீதி இருந்த இரண்டு திருகாணிகளும் தங்களால் ஆனதைச் செய்தன. முதலில் கட்டிலின் தலைப்பக்கம் மண்டியிட்டது. பிறகு கால்பக்கம் அதைப் பின்பற்றியது. மச்சான் எழுந்திருக்க முயலவில்லை. தரையில் சாய்ந்தபடியே ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"ஏத்துங்கடா."

"இன்னும் அரை மணி நேரம் இருக்கே!"

"கட்டிலுக்கு நேரம் முடிஞ்சு போச்சு மாப்ள. அடுத்து என்ன, கூரையா?"

ஆட்கள் பின்பக்க அறைக்குள் போனார்கள். குளியலறையிலிருந்து செல்லமான சத்தம் வந்தது. டொக். டொக். பிறகு அவ்வளவு செல்லமாக இல்லாத சத்தம் ஒன்று. வாத்தியாருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. லேத்தின் கால்களைத் தானே கடைந்து போட்டவர் என்ற முறையில், கால்களைக் கழற்றுவது எப்படி என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தப்பாகக் கழற்றினால் மரை போய்விடும்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லேத் வேனில் ஏறி, கயிறு கட்டியாகிவிட்டது. அதன் மேல் மூன்று ஹோல்டர்களும் வரிசையாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

மனைவி வாசலுக்கு வந்தாள். அவள் கையில் தாழ்ப்பாள் இருந்தது. கம்பி மட்டும் இல்லை. கம்பி, வளையம், தகடு, நான்கு திருகாணி, கதவிலிருந்து ஒரு பிடி மரம், எல்லாம் ஒன்றாக இருந்தன.

"ஒரு நகக்கண் அளவு போச்சு. அப்புறம் போகவும் இல்ல, வரவும் இல்ல. இழுத்தேன். இந்தாங்க, உங்க தாழ்ப்பாள்."

வாத்தியார் அதை வாங்கிக்கொண்டார். ஒரு வளையத்தில் கம்பி சிக்கியிருந்தது. இன்னொரு வளையம் காலியாக இருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அந்த வளையம் அவர் கைக்கு வந்திருந்தது. வேறு வேலை இல்லாததால், சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தார்.

மறுபடி அளந்தார்.

"எட்டு மில்லி," என்றார். "எட்டே எட்டு மில்லி! ரெண்டரை நூல்!"

"அதுக்கு?" என்றாள் மனைவி.

"எனக்கு மூணு நூல்னு சொன்னாங்க! நான் மூணு நூல் கடைஞ்சேன். அச்சு அசலா மூணு நூல். என் லேத்துல தப்பில்ல, ஹோல்டர்ல தப்பில்ல, எதுலயும் தப்பில்ல. கொடுத்த கணக்குதான் தப்பு! மச்சான், லேத்தை எறக்கச் சொல்லுங்க. ஒண்ணரை மில்லிதான். அஞ்சு நிமிஷத்துல சீவிக் கொடுத்துடறேன்."

மச்சான் மீசையைத் தடவினார். விரலில் லேசாகக் கறுப்பு ஒட்டியது. "நியாயம்னா நியாயம்தான். அளவு சொன்னவங்க தப்புன்னா லேத்து மேல பழி போடக் கூடாது. யாரு சொன்னது?"

"என் பொண்ணு."

மனைவி யோசித்தாள். "அவ தப்பா சொல்லியிருந்தா எறக்கிடுங்கண்ணா. வாக்குன்னா வாக்கு. ஆனா நான் அவ வாயால கேக்கணும்."

மகளைக் கூப்பிட்டார்கள். மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தாள். களைத்திருந்தாள், ஆனால் பெரிய வேலை ஒன்றை முடித்தவளின் முகம். எல்லாரும் வேனைச் சுற்றி நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள்.

வாத்தியார் வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"பயப்படாதேம்மா, யாரும் திட்ட மாட்டாங்க. வெள்ளிக்கிழமை காலையில நீ குளியலறையில இருந்தப்ப நான் உன்கிட்ட என்ன கேட்டேன்?"

"எத்தனை நூல்னு கேட்டீங்க."

"நீ என்ன சொன்னே?"

"மூணு நூல்னு சொன்னேன்."

"கேட்டீங்களா மச்சான்!" வாத்தியார் இரண்டு கையையும் விரித்தார். "கேட்டியா!"

மச்சான் ஆட்களுக்குச் சைகை காட்டினார். ஓர் ஆள் கயிற்றின் முடிச்சில் கை வைத்தான்.

மகள் அப்பாவின் கையில் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள். வெர்னியரைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"இதோட அளவையாப்பா கேட்டீங்க? மூணு வருஷத்துல மொத தடவையா என் படிப்பைப் பத்தி விசாரிக்கிறீங்க, இந்தப் பரீட்சைக்குப் படிக்க எத்தனை நூல்னு கேக்கறீங்கன்னு நெனச்சு, நான் மூணையும் படிச்சு முடிச்சுட்டு இப்பத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன்."